மார்ட்டினி-ஹென்றிக்குத் தோட்டா உறை செய்தேன்: ஐம்பதில் முப்பத்தொன்பது மிஞ்சிய கதை

ஒஹையோ மாநிலத்தில் நான் குடியிருக்கும் ஊருக்கு அருகே நடந்த பழம்பொருள் சந்தை ஒன்றில் மார்ட்டினி-ஹென்றி என்ற பழைய பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கியை வாங்கினேன். வலப்பக்க இரும்பில் கிரீடமும், அதற்குக் கீழே வி.ஆர். என்ற விக்டோரியா அரசியின் முத்திரையும், என்ஃபீல்டு என்ற பெயரும், 1878 என்ற ஆண்டும் இருந்தன. குழலின் பின்முனையில் யாரோ உளியால் வெட்டியதுபோல் தேவநாகரி எண்கள் இருந்தன. இந்தி படிக்காத நான், கைப்பேசியில் எண்களின் படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். காத்மாண்டுவில் லகன் சிலேகானா என்ற பழைய அரண்மனையில் நூறாண்டுக்கு மேல் குவிந்து கிடந்த ஆயுதங்களை 2003-இல் இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் மொத்தமாக வாங்கி இங்கே கொண்டுவந்தன. இது அந்தக் குவியலைச் சேர்ந்தது என்று விற்றவர் சொன்னார்; எண்களும் அதையே சொல்லின.

வாங்கிய பிறகுதான் அதற்குத் தோட்டா கிடைக்காது என்பது மண்டையில் உறைத்தது. .577/450 என்று எழுதப்படும் இந்தத் தோட்டாவைச் சாதாரணக் கடைகளில் பார்க்கவே முடியாது. சிறு தயாரிப்பாளர்கள் சிலர் வெற்று உறைகளை, அதாவது மருந்தையும் குண்டையும் தாங்கும் பித்தளைக் கூடுகளை, செய்து விற்கிறார்கள் என்றாலும், ஓர் உறைக்குக் கேட்கப்பட்ட விலையில் எங்கள் வீட்டில் நான்கு பேரும் வெளியே சாப்பிட்டுவிட்டு வரலாம். ஆகவே பலர் முன்பே நடந்து பார்த்த பாதையில் நானும் இறங்கினேன். பிரேசிலில் தயாராகும் மாக்டெக் நிறுவனத்தின் 24 கேஜ் (கேஜ் என்பது வேட்டைத் துப்பாக்கிக் குழலின் அளவு எண்) பித்தளை வேட்டைத் தோட்டா உறையை வாங்கி, அதன் மேற்பாதியை ஒடுக்கி, மார்ட்டினி-ஹென்றி உறையாக்குவதுதான் அந்தப் பாதை. பெட்டிக்கு 25 வீதம் இரண்டு பெட்டி வாங்கினேன். அந்த ஐம்பதும் என்னவாயின என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மேலே செல்லுமுன் சட்டத்தைப் பற்றி ஒரு சொல். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி 1898-ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்ட துப்பாக்கி தொல்பொருளாகக் கருதப்படுகிறது. சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா நிரப்பிக்கொள்ளத் தனி உரிமம் தேவையில்லை. மாநிலச் சட்டங்கள் வேறுபடும், அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இருக்கிறது. உரிமமின்றி அங்கே இந்த வேலையில் கைவைப்பது குற்றம். ஊரிலிருந்து இதைப் படிப்பவர்கள் உலோக வேலையைப் பற்றிய கதையாக மட்டும் படிக்க வேண்டுகிறேன்.

இந்தத் தோட்டாவின் வரலாறே உறையின் வரலாறுதான். பிரிட்டிஷ் ராணுவம் 1871-இல் மார்ட்டினி-ஹென்றியை ஏற்றபோது அதற்கான உறையை ஊல்விச் ஆயுதச் சாலையில் எட்வர்ட் பாக்ஸர் வடிவமைத்த முறையில் செய்தார்கள். அது முழுப் பித்தளை அன்று. மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி, அடியில் ஓர் இரும்பு வட்டைப் பொருத்தி, உள்ளே 85 கிரெய்ன், அதாவது சுமார் ஐந்தரை கிராம் கருமருந்தை நிரப்பி, 480 கிரெய்ன் எடையுள்ள ஈயக்குண்டைக் காகிதம் சுற்றிச் செருகினார்கள். பன்னிரண்டு பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் என்பது குண்டின் கலவை. தொடர்ந்து சுட்டுச் சூடேறிய துப்பாக்கியில் அந்தச் சுருள் உறை பிதுங்கிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். வெளியே இழுக்கும் கொக்கி அடித்தட்டை மட்டும் பிய்த்துக்கொண்டு வரும். சுருண்ட தகடு உள்ளேயே நின்றுவிடும். 1885 ஜனவரியில் சூடானில் அபு கிளியா என்ற இடத்தில் நடந்த சண்டையில் இப்படித் துப்பாக்கிகள் அடைத்துக்கொண்டதால் படை பெரும் இக்கட்டில் மாட்டியது. அதன் பின்னரே ஒரே துண்டாக இழுத்து உருவாக்கிய பித்தளை உறைக்கு மாறும் வேகம் கூடியது. பின்னர் வந்த நான்காம் மாதிரித் துப்பாக்கியில் நெம்புகோலையே நீளமாக்கினார்கள், உறையை வலுவாக இழுக்க. உறை சரியில்லையென்றால் துப்பாக்கி வெறும் இரும்புத்தடி என்பதை அவர்கள் போர்க்களத்தில் கற்றார்கள். நான் என் கார் கொட்டகையில் கற்றேன்.

முதலில் செய்ய வேண்டியதை நான் முதலில் செய்தேன் என்பதில் எனக்குச் சிறு பெருமை உண்டு, ஏனென்றால் பிறகு வந்த எல்லாவற்றிலும் வரிசை தவறினேன். துப்பாக்கியைப் பழைய ஆயுதங்களில் தேர்ந்த ஒரு கைவினைஞரிடம் கொடுத்துப் பழுது பார்த்த பின், அதன் அறையை, அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்தை, அச்செடுத்தேன். செரோசேஃப் என்ற உலோகக் கலவை இதற்கென்றே விற்கப்படுகிறது. 70 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும் என்பதால் வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்தே இளக்கிவிடலாம். குழலில் துணிப் பந்தை அடைத்து, அறைக்குள் ஊற்றினேன். இந்த உலோகத்தின் குணம் விசித்திரமானது: உறைந்ததும் முதல் அரைமணி நேரம் சுருங்குகிறது, அதனால்தான் எளிதாக வெளியே வருகிறது. பிறகு மெல்ல விரிந்து, சுமார் ஒரு மணி நேரம் கழித்து அறையின் உண்மை அளவை அடைகிறது. அதற்குப் பின்னும் விரிந்துகொண்டே போகிறது. ஆகவே அளவை எடுக்க வேண்டியது ஒரு மணி நேரம் முடியும் தறுவாயில். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மைக்ரோமீட்டரோடு காத்திருந்தேன்.

புத்தகங்கள் தரும் அளவு இது: அடிப்பகுதி .668 அங்குலம், விளிம்பு .746, குண்டைப் பிடிக்கும் கழுத்தின் வெளிவிட்டம் .487, உறையின் நீளம் 2.34 அங்குலம். என் துப்பாக்கியின் கழுத்துப் பகுதி புத்தகத்தைவிட நன்றாகவே அகன்றிருந்தது. பேப்பர் சுற்றிய குண்டுக்காகவும், கரி படிந்த நிலையிலும் தோட்டா நுழைய வேண்டும் என்பதற்காகவும் அக்காலத்தில் தாராளமாகக் குடைந்தார்கள் என்பது என் அனுமானம். அது எனக்கு நல்லதாகவே முடிந்தது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். குழலின் உட்குடைவை அளப்பதுதான் தலைவலி. அலெக்ஸாண்டர் ஹென்றி வகுத்த அந்தக் குழலில் ஏழு வரிப்பள்ளங்கள். ஒற்றைப்படை என்பதால் ஒரு பள்ளத்துக்கு நேரெதிரே பள்ளம் வராது, மேடுதான் வரும். மென்மையான ஈயத்தைத் தட்டி உள்ளே செலுத்தி வெளியே எடுத்தாலும் வெர்னியரின் இரு தாடைகளுக்கும் ஒரே நேரத்தில் பள்ளத்தின் உச்சி கிடைக்காது. அளவறிந்த மெல்லிய தகட்டை ஈயத்தைச் சுற்றி இறுக்கி, அதன்மேல் அளந்து, தகட்டின் தடிமனைக் கழித்துத்தான் ஒரு முடிவுக்கு வந்தேன்.

கணக்கைப் பாருங்கள். மாக்டெக் உறையின் வாய்ப்பகுதி 16 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் விட்டமுள்ள நேர்க்குழாய். நமக்கு வேண்டிய கழுத்து 12.4 மில்லிமீட்டர். அதாவது சுற்றளவில் ஏறத்தாழ கால் பங்கு காணாமல் போக வேண்டும். ஆனால் உலோகம் எங்கும் காணாமல் போவதில்லை. ஒன்று தடிக்கும், அல்லது நீளும், இரண்டும் முடியாவிட்டால் மடியும். இந்த வேலை முழுவதும் அந்த மூன்றாவது வழியை அடைப்பதுதான்.

எனக்கு அது தெரியவில்லை. அச்சுகளை வாங்கியாயிற்று: படிப்படியாக ஒடுக்கும் மூன்று டைகள், கடைசியில் முழு அளவு தரும் டை ஒன்று. அவை ஒன்றேகால் அங்குல மரை கொண்டவை. வழக்கமான முக்கால் அங்குலச் சொச்ச மரையுள்ள டைகளைவிடப் பெரியவை. ஆகவே நடுவிலுள்ள புஷ் என்ற வளையத்தைக் கழற்றிப் பெரிய டையைப் பொருத்தக்கூடிய, கையால் அழுத்தும் பிரஸ் தேவை. என்னிடம் அத்தகைய வார்ப்பிரும்புப் பிரஸ் முன்பே இருந்தது. புத்தம்புதிய உறைக்கு மெழுகு தடவி முதல் டைக்குள் செலுத்தினேன். நன்றாகத்தான் ஏறியது. இரண்டாவது டையில் பாதி ஏறியபோது கைப்பிடி திடீரென்று லேசானது. லேசானால் நல்லது என்று நினைத்து அழுத்தினேன். வெளியே எடுத்தபோது உடலும் கழுத்தும் சேரும் தோள்பகுதி ஆர்மோனியத் துருத்திபோல் மூன்று மடிப்பாக மடிந்திருந்தது. இன்னொன்றையும் அப்படியே செய்து பார்த்தேன், ஏதோ முதல் உறையின் குற்றம்போல. இரண்டும் போயின.

பித்தளையை அடிக்க அடிக்க, வளைக்க வளைக்க அது கடினமாகும் என்பது பாலிடெக்னிக்கில் படித்ததுதான். கும்பகோணத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் பாத்திரம் அடிப்பவர்கள் இருந்தார்கள். குடத்தைச் சிறிது நேரம் அடிப்பார்கள், உலையில் இடுவார்கள், ஆறவிட்டு மறுபடி அடிப்பார்கள். ஏன் ஒரே மூச்சில் அடித்து முடிக்கவில்லை என்று சிறுவனாக வேடிக்கை பார்த்த எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. நாற்பது ஆண்டு கழித்து, மடிந்த இரண்டு உறைகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது தோன்றியது.

தோட்டா உறைக்கான பித்தளை 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்தது. அதைச் சூடேற்றி இளக்கும் வேலையை அனீலிங் என்கிறோம். சில வினாடிகளே வெப்பம் படும் முறையில் 400 டிகிரி செல்சியஸைச் சற்றுத் தாண்டினால் போதும், இறுகிய உலோகம் மீண்டும் மென்மையாகும். இரும்பில் செய்வதுபோல் தண்ணீரில் தோய்த்தால் இறுகிவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். பித்தளை அப்படி இறுகாது. தண்ணீர், வெப்பத்தை நிறுத்துவதற்கு மட்டுமே. ஆனால் அந்த நிறுத்தம்தான் முக்கியம். சுடும்போது எழும் அழுத்தத்தை எந்தத் தாங்கலும் இல்லாமல் ஏற்பது உறையின் அடிப்பகுதி. அது தொழிற்சாலையில் வந்த கடினத்தோடு அப்படியே இருக்க வேண்டும். மேற்பாதி இளக வேண்டும், அடி இளகவே கூடாது. என் கருத்தில், உறை செய்வது என்றாலே இந்த எல்லைக் கோட்டைக் காப்பதுதான். மற்றவை எல்லாம் பிரஸ்ஸின் கைப்பிடியை இழுக்கும் வேலை.

என் இரண்டாவது தொகுதியில் இந்தக் கோட்டைத் தாண்டினேன். பட்டப்பகலில், வெளிச்சமான இடத்தில், நான்கு உறைகளைச் சிவக்கும்வரை சூடேற்றினேன். பகல் வெளிச்சத்தில் சிவப்பு கண்ணுக்குத் தெரிகிறது என்றால் தேவையான வெப்பத்தை எப்போதோ கடந்துவிட்டோம் என்று பொருள். ஒன்றின் அடிப்பகுதியிலும் வானவில் நிறம் ஓடியிருந்தது. வாய்ப்பகுதியை விரல்களால் நசுக்கினால் நசுங்கியது, மறுபடி எழவே இல்லை. நான்கையும் சுத்தியலால் தட்டையாக்கிவிட்டுத்தான் குப்பையில் போட்டேன்; நல்ல உறைகளோடு தவறிக் கலந்துவிட்டால் கண்ணால் பார்த்துப் பிரித்தறிய வழியில்லை.

பிறகு நான் கடைப்பிடித்த முறை இது. ஆழமில்லாத தட்டில் 20 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, உறையை அதில் நிறுத்துவேன். கொட்டகை விளக்கை அணைத்துவிடுவேன். புரொப்பேன் எரிவாயு டார்ச்சின் நீலத் தீக்கூம்பின் முனை தோள் வரவேண்டிய இடத்தில் படுமாறு பிடித்து, தட்டைச் சுற்றிக்கொண்டே இருப்பேன். எட்டிலிருந்து பத்து வினாடிக்குள், இருட்டில் மட்டுமே தெரியக்கூடிய மிக மங்கிய செம்மை வாயோரத்தில் எட்டிப் பார்க்கும். அந்தக் கணமே உறையைத் தண்ணீரில் சாய்த்துவிடுவேன். இந்த வினாடிக் கணக்கு என் டார்ச்சுக்கும் இந்த மெல்லிய உறைக்கும் மட்டுமே பொருந்தும். வேறொருவர் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. குறிப்பிட்ட வெப்பத்தில் உருகும் அடையாளப் பூச்சு கடையில் கிடைக்கிறது. முதல் சில உறைகளில் அதைத் தோளுக்குக் கீழே ஒரு கோடாக இழுத்துப் பழகினால் கை தானாக நேரத்தைக் கற்றுக்கொள்ளும்.

மூன்றாம் நாள் இரவு என் மனைவி கதவைத் திறந்து, "என்னங்க, லைட்டையும் அணைச்சுட்டு உள்ளே தீயை வச்சுக்கிட்டு என்ன பண்றீங்க?" என்று கேட்டார். விளக்கினேன். "வெடிமருந்தும் இங்கேதானே இருக்கு?" என்று அடுத்த கேள்வி வந்தது. இருந்தது, எதிர்ச்சுவர் அலமாரியில். அன்றிரவே அதை வேறு இடத்துக்கு மாற்றினேன். தீயோடு செய்யும் வேலையும் மருந்தோடு செய்யும் வேலையும் ஒரே கூரையின் கீழ் நடக்கக் கூடாது என்ற எளிய விதியை ஐந்து புத்தகம் படித்த எனக்கு எந்தப் புத்தகமும் படிக்காதவர் சொல்ல வேண்டியிருந்தது.

இளக்கிய உறைகள் டைக்குள் வெண்ணெயாக ஏறின என்று எழுத ஆசைதான். ஏறின, ஆனால் வேறு சோதனைகளோடு. முதல் டையும் இரண்டாம் டையும் முடிந்ததும் மறுமுறை இளக்கினேன். மூன்றாவதும் இறுதி டையும் அதன்பின். ஒரே இழுப்பில் முழுவதும் செலுத்தாமல், கால் பங்கு ஏற்றி, சற்றே இறக்கி, உறையைச் சிறிது திருப்பி, மறுபடி ஏற்றுவது என்று வைத்துக்கொண்டேன். கைப்பிடியில் சுமை சீராக ஏறிக்கொண்டே போக வேண்டும். எங்கே திடீரென்று குறைகிறதோ அங்கே உள்ளே உலோகம் மடியத் தொடங்கிவிட்டது. அந்த உணர்வு கைக்கு வந்த பிறகு மடிப்பு விழுந்த உறை ஒன்றுகூட இல்லை.

மெழுகு விஷயத்தில் கஞ்சத்தனமும் ஆகாது, தாராளமும் ஆகாது. அதிகமானால் டைக்கும் உறைக்கும் நடுவே மாட்டிக்கொண்ட மெழுகு வெளியேற வழியின்றி, தோளில் சின்னச் சின்னப் பள்ளங்களைப் பதித்துவிடும். பார்க்க அசிங்கமே தவிர, முதல்முறை சுட்டதும் நிமிர்ந்துவிடுகின்றன. அதற்காக எந்த உறையையும் நான் தள்ளவில்லை. குறைந்தால் வருவதுதான் உண்மையான வேதனை. பதினேழாவது உறையில், இறுதி டையின் உள்சுவரில் ஒரு பக்கம் துடைத்து விட்டதை மறந்து செலுத்தினேன். கைப்பிடியை எதிர்ப்பக்கம் தள்ளினால் பிரஸ்ஸின் பிடிப்பான் உறையின் விளிம்பைச் சுரண்டிக்கொண்டு வெறுமனே இறங்கியது. உறை டைக்குள்ளேயே நின்றது. டையைக் கழற்றி வைஸில் பிடித்து, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் உட்காரும் அடிக்குழியின் நடுவே துளையிட்டு, மரையிட்டு, ஒரு போல்ட்டைத் திருகி, மேலே தடித்த வாஷரும் குழாய்த் துண்டும் வைத்து நட்டை இறுக்கினேன். அரைமணி நேரம் போராடிய பின் "டொக்" என்ற ஒலியோடு வெளியே வந்தது. அந்த டையின் உட்சுவரைக் கையால் தடவிப் பார்த்துக் கீறல் இல்லை என்று உறுதிசெய்யும்வரை மூச்சு விடவில்லை.

அடுத்தது நீளம். மூல உறை 63.5 மில்லிமீட்டர், தேவை 59.4. ஒடுக்கிய பிறகு வெட்டுவதைவிட நேர்க்குழாயாக இருக்கும்போதே லேத்தில் வெட்டிவிட்டால் வேலை சுலபம் என்று ஒரு மாலையில் எட்டு உறைகளை முன்கூட்டியே அளவுக்கு வெட்டினேன். ஒடுக்கி முடித்ததும் அவற்றின் வாய் அலையலையாக நின்றது. பித்தளையின் சுவர் எல்லாப் பக்கமும் ஒரே தடிமன் இல்லை. மெலிந்த பக்கம் ஒருவிதமாகவும் தடித்த பக்கம் வேறுவிதமாகவும் நகர்கிறது. அலையைச் சமன்செய்ய மறுபடி வெட்டியபோது எட்டும் குட்டையாகின. இந்தத் தோட்டா அறைக்குள் நிற்பது விளிம்பைக் கொண்டே அன்றி வாயைக் கொண்டு அன்று. ஆகவே குட்டையாக இருப்பதால் ஆபத்தில்லை, குண்டைப் பிடிக்கும் கழுத்து சற்றுக் குறைந்துவிட்டது, அவ்வளவே. தனியாக ஒரு டப்பாவில் வைத்துப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டேன். அதன்பின் நீளமாகவே ஒடுக்கி, கடைசியில் வெட்டி, உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் லேசாகச் சுரண்டி முடித்தேன்.

ஓர் உறையை வேண்டுமென்றே பலிகொடுத்து நெடுக்குவாட்டில் இரண்டாக அறுத்தேன். எல்லோரும் அப்படி ஒன்றையாவது அறுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்வேன். அடியில் எவ்வளவு உலோகம் இருக்கிறது, எங்கே சுவர் மெலியத் தொடங்குகிறது, கழுத்து எவ்வளவு தடித்திருக்கிறது என்பதெல்லாம் கண்முன் நின்றன. ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்தை லேத் பட்டறையில் 'தௌ' என்போம்; கழுத்துச் சுவர் இரண்டு மூன்று தௌ தடித்திருந்தது. இரண்டு பக்கமும் கூட்டினால் ஐந்தாறு. குண்டு செருகிய பின் கழுத்தின் வெளிவிட்டம் அறையின் கழுத்தைவிடத் தெளிவாகச் சிறியதாக இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் கழுத்து விரிந்து குண்டை விட இடமின்றி அழுத்தம் எகிறும். என் அறையின் கழுத்து அகன்றிருந்ததால் நான் தப்பினேன். இறுக்கமான அறை உள்ளவர்கள் கழுத்தை லேத்தில் கடைந்து மெலிதாக்க வேண்டும். புத்தக அளவை நம்பி அச்செடுக்காமல் விட்டிருந்தால் இந்த வேறுபாடு எனக்குத் தெரிந்தே இருக்காது.

விளிம்பின் தடிமனும் அப்படித்தான். உறையை அறையில் வைத்து நெம்புகோலைத் தூக்கினால், அறையின் பின்வாயை மூடும் பிளாக் கடைசி ஓரிரு மில்லிமீட்டர் ஏற மறுத்தது. விளிம்பு என் துப்பாக்கிக்குத் தடிமனாக இருந்தது. பின்பக்கத்தைக் கடைந்து மெலிதாக்குவதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் அப்படிச் செய்தால் பிரைமர் குழியின் ஆழம் குறைந்து, பிரைமர் வெளியே துருத்தும். மேலேறும் பிளாக் அதில் உரசுவதை நினைத்தாலே உடல் சிலிர்க்கிறது. விளிம்பின் முன்பக்கத்தை, அறையின் பள்ளத்தில் உட்காரும் முகத்தைத்தான் கடைய வேண்டும். தௌ தௌவாகக் கடைந்து, பிளாக் தடையின்றி ஏறும் இடத்தில் நிறுத்தினேன். அந்த அளவு என் துப்பாக்கிக்கு மட்டுமே உரியது.

இங்கே ஒரு சின்ன விநோதம். மாக்டெக் உறையின் அடியில் உட்காருவது கைத்துப்பாக்கிகளுக்கான பெரிய பிரைமர். அதன் அமைப்புக்கு பாக்ஸர் பிரைமர் என்று பெயர். சுருள் உறையை வடிவமைத்த அதே எட்வர்ட் பாக்ஸர்தான். ஆங்கிலேயரான அவருடைய முறையை அமெரிக்கா ஏற்றுக்கொண்டது. அமெரிக்கரான ஹைரம் பெர்டனின் முறை ஐரோப்பாவில் பரவியது. பாக்ஸரின் உறை செத்து நூறாண்டு கடந்தும் அவருடைய பிரைமர் என் மேசைமேல் இருக்கிறது.

மூன்று உறைகளை நான் இழந்த விதம்தான் எனக்கு மிகவும் உறைத்தது. ஒடுக்கி முடித்த உறைகள் கருத்துக் கிடந்தன. விருந்தினர் ஒருவருக்குக் காட்டுவதற்காக மூன்றை மட்டும் வீட்டில் இருந்த பித்தளைப் பாலிஷ் போட்டுப் பளபளக்கத் தேய்த்து அலமாரியில் நிறுத்தினேன். அவை மூன்றும் இறுதி டைக்குப் பின் இளக்கப்படாதவை. குளிர்காலம் கழிந்து எடுத்துப் பார்த்தபோது ஒன்றின் கழுத்திலிருந்து தோள்வரை மயிரிழை போன்ற விரிசல் ஓடியிருந்தது. சுடவே இல்லை, கீழே விழவும் இல்லை. பாலிஷ் டப்பாவைத் திருப்பிப் படித்தேன். அதில் அம்மோனியா இருந்தது.

இந்தக் கோளாறு முதலில் பெரிய அளவில் கண்டறியப்பட்ட இடம் இந்தியா. ஆங்கிலேயர் காலத்தில் படைகளின் தோட்டாக்களை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் சேமித்து வைத்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, ஈரக் காற்றோடு சேர்ந்து, உருவாக்கும்போது உள்ளே இறுகிக்கிடந்த பித்தளையைத் தாக்கியது. உறைகள் தானாக வெடித்துப் பிளந்தன. மழைக்காலம் தோறும் வந்ததால் அதற்குப் 'பருவ வெடிப்பு' என்ற பொருளில் ஆங்கிலத்தில் பெயரிட்டார்கள். அம்மோனியாதான் காரணம் என்று 1921-இல் விளக்கம் கிடைத்தது. உள்ளிறுக்கத்தை வெப்பத்தால் தணிப்பதும், அம்மோனியாவை அண்டவிடாமல் உலர்வாகச் சேமிப்பதும் அதற்கு மருந்து. குதிரையும் லாயமும் மழையும் இல்லாமலே, ஒஹையோவில், ஒரு துணியையும் டப்பாவையும் கொண்டு நான் அதைச் செய்து முடித்திருந்தேன். விரிசல் தெரியாத மற்ற இரண்டையும் நம்ப மனம் வராமல் நசுக்கிப் போட்டேன். இப்போது இறுதி டைக்குப் பின் கழுத்தை இன்னொருமுறை லேசாக இளக்குகிறேன். சுத்தம் செய்ய வெந்நீரும் சிறிது சோப்பும் எலுமிச்சை உப்பும் போதும். பளபளப்பு வேண்டுமென்றால் குத்துவிளக்கைத் துலக்கிக்கொள்ளலாம்.

ஆக, மடிந்தவை இரண்டு, வெந்தவை நான்கு, டைக்குள் மாட்டியது ஒன்று, அறுத்தது ஒன்று, அம்மோனியா குடித்தவை மூன்று. ஐம்பதில் மிஞ்சியது முப்பத்தொன்பது. அவற்றில் எட்டு குட்டை.

மருந்து நிரப்புவதைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. அது அச்சிட்ட கையேடுகளைப் பார்த்துச் செய்ய வேண்டியது. யாரோ ஒருவரின் அனுபவக் கட்டுரையைப் பார்த்து அன்று. இரண்டை மட்டும் அழுத்திச் சொல்வேன். இந்தத் துப்பாக்கிக்குக் கருமருந்து மட்டுமே. 1878-இன் இரும்பு, புகையற்ற மருந்துக்காகச் செய்யப்பட்டதன்று. கருமருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வெற்றிடம் இருக்கவே கூடாது. முதல் ஐந்து தோட்டாக்களைத் துப்பாக்கியைப் பழைய டயரில் கட்டிவைத்து, நீளக் கயிற்றை இழுத்துத் தடுப்புக்குப் பின்னால் நின்று சுட்டேன். ஒவ்வொரு முறையும் வெள்ளைப் புகை மேகம் கலைந்து துப்பாக்கி கண்ணுக்குத் தெரிய நேரமாகும். அந்த நேரம் மிக நீண்டதாக இருந்தது.

நெம்புகோலை இறக்கியதும் முதல் உறை தானாக வெளியே விழுந்தது. அதன் தோள் அறையின் உண்மையான வடிவத்தை எடுத்திருந்தது; டை கொடுத்த கூரிய மூலை மறைந்து, சற்றுச் சரிந்த வளைவு வந்திருந்தது. இனி அதை முழு டையில் தள்ளி மறுபடி ஒடுக்க வேண்டியதில்லை, கழுத்தை மட்டும் சற்று இறுக்கினால் போதும். ஒவ்வொரு முறையும் முழுதாக ஒடுக்கி, சுடும்போது முழுதாக விரித்தால் பித்தளை விரைவில் களைத்துவிடும். இந்த உறைகள் இப்போது இந்த ஒரு துப்பாக்கிக்கே சொந்தம். இன்னொரு மார்ட்டினியில் நுழையாமலும் போகலாம்.

சுட்ட உறைகளை வீட்டுக்குக் கொண்டுவரும்வரைகூடக் காத்திருப்பதில்லை. சுடும் களத்திலேயே பிரைமரைத் தள்ளிவிட்டு, சோப்பு நீர் நிரப்பிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவிடுவேன். கருமருந்தின் கசடு ஈரத்தை இழுத்து ஒரே இரவில் பித்தளையை அரிக்கத் தொடங்கும். காரில் திரும்பும் வழியெல்லாம் பின்னிருக்கையில் டப்பா குலுங்கும். வீடு சேர்வதற்குள் பாதி அழுக்கு போயிருக்கும். நீர் மட்டும் அழுகிய முட்டைபோல் நாறும் என்பதால் மூடியை வாசலில்தான் திறக்க வேண்டும் என்பது வீட்டம்மாவின் கட்டளை.

ஒவ்வோர் உறையின் விளிம்பிலும், சுட்ட ஒவ்வொரு முறைக்கும் முக்கோண அரத்தால் மெல்லிய கோடு ஒன்று போட்டு வருகிறேன். பெரும்பாலானவற்றில் இன்று ஆறு கோடுகள். நான்காம் கோட்டுக்குப் பிறகு எல்லாவற்றின் கழுத்தையும் மறுபடி இளக்கினேன். போன மாதம் ஒன்றில் வாயோரத்தில் சிறு பிளவு கண்டேன். அதையும் நசுக்கிப் போட்டாயிற்று. மாக்டெக் 24 கேஜ் உறை இப்போது கடைகளில் தட்டுப்பாடு என்கிறார்கள். எங்கே ஒரு பெட்டி கண்ணில் பட்டாலும் வாங்கிவைத்துவிடுவது என்றிருக்கிறேன்.